சிவப்பு நூல் கட்டிய தூர்கள்

2019 மார்கழியில் பி.வி.சி. குழாயை வெட்டி, பக்கத்துக்கு ஒரு மீட்டர் வைத்து ஒரு சதுரச் சட்டம் செய்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து இடத்தில் போட்டு, சட்டத்துக்குள் இருந்த புல்லை அறுத்து எடை போட்டேன். சராசரி 140 கிராம். ஆறு ஏக்கருக்கும் கணக்குப் பார்த்தால் மூன்றரை டன்கூடத் தேறவில்லை. அன்றைக்கு எங்களிடம் சின்னதும் பெரியதுமாக ஆறு மாடு, 38 செம்மறி. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 300 கிலோ பச்சைப்புல் தின்னும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடிந்து, வருடத்திலேயே காடு செழித்து நிற்க வேண்டிய மாதத்தில் எங்கள் காட்டில் நின்றது பதினோரு நாள் தீனி.

அந்தக் கணக்கு எழுதிய நோட்டை அப்படியே தொடர்ந்தேன். அடுத்த நான்கு வருடம் என்ன செய்தோம், எது பலித்தது, எது வீணாய்ப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கம் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த மானாவாரி நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். வேறு வெள்ளாமை எதையும் நம்பிப் போட முடியாத மண். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடுதான். வேலி உயிராக இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுக் கடவைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்கு ஆளே வேண்டாம். வெள்வேலங்காய் கோடையில் உதிர, ஆடு பொறுக்கித் தின்னும். யார் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள் என்று தெரியாத, ஆனால் அவ்வளவு சரியாகப் பொருந்திய ஏற்பாடு.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்தில் இதே ஆறு ஏக்கரில் புல் முழங்காலைத் தொடுமாம். அப்போது நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, அப்புறம் மறுபடி புல்லுக்கு விட்டிருக்கிறார்கள். என் காலத்தில் உழவும் இல்லை, ஓய்வும் இல்லை. வருடம் முழுக்கக் கடவு திறந்தே கிடந்தது. ஆட்டு விலை ஏற ஏற ஆட்டுக்குட்டியைச் சேர்த்துக்கொண்டே போனோம். புல் குறையக் குறையப் பால் மாட்டுக்குக் கலப்புத் தீவன மூட்டையை ஏற்றினோம். மக்காச்சோளமும் புண்ணாக்கும் எங்கேயோ விளைந்து, லாரியேறி வந்து, எங்கள் காட்டின் வறட்சியை மறைத்துக்கொண்டிருந்தன.

இதில் இன்னொரு பக்கமும் எனக்கு உறுத்தலாக இருந்தது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அது பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. தின்ற தீனியின் ஆற்றலில் 6, 7 விழுக்காடு இப்படியே காற்றில் போய்விடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். முற்றிக் காய்ந்த தட்டையும் குச்சிப்புல்லையும் தின்னும் மாட்டுக்கு அந்தத் தீனி மெதுவாகச் செரிக்கிறது. ஏப்பம் நிற்பதில்லை, பால் மட்டும் குறைகிறது. புல்லில் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிர்களுக்கே பசி. அப்புறம் மாடு தின்னும் அளவும் சுருங்கிவிடும். ஆக, ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்பது மாட்டை மட்டுமல்ல, புல்லையும் பொறுத்தது. மாட்டையே ஒழித்துவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த மண்ணில் மனிதனுக்கு உணவாகாத புல்லைப் பாலாக்கித் தர வேறு வழி கிடையாது. ஆனால் மொட்டைத் தரையில் 38 ஆட்டை நிறுத்தி வைத்திருந்ததற்கும் என்னிடம் நியாயம் இல்லை.

2020: ஒன்பது கிலோ விதையும் காற்றோடு

முதல் வருடம் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கொழுக்கட்டைப் புல் விதை ஒன்பது கிலோ விலைக்கு வாங்கினேன். ஏக்கருக்கு மூன்று கிலோ வீதம் மூன்று ஏக்கருக்கு. டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை போட்டு நன்றாக ஆழ உழுதேன். புரட்டாசிக் கடைசியில் விதையைத் தூவி, மறுபடி ஒரு ஓட்டு ஓட்டி மூடினேன். மழை வந்தது. பார்த்தீனியம் முளைத்தது, நெருஞ்சி முளைத்தது, புல் மட்டும் வரவில்லை. வேலி ஓரத்தில் பூனை முடிபோல நாலைந்து இடத்தில் எட்டிப் பார்த்ததோடு சரி.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஒரு நாள் வந்தார். மிச்சம் கிடந்த விதைப் பையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையின் கட்டை விரல் அடியால் அரைவட்டமாகத் தேய்த்தார். ஊதினார். சுணை பறந்துபோனது. கையில் ஏழெட்டு மணிதான் மிஞ்சியது, அரிசிக் குருணையைவிடச் சிறியதாக, தேன் நிறத்தில்.

"ஏங்கண்ணு, வெதைய நசுக்கிப் பாத்தியா? சொணை மட்டுந்தான் இருக்குது, உள்ளார ஒண்ணுமில்ல."

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். கொழுக்கட்டைப் புல்லில் நாம் விதை என்று சொல்வது விதை அல்ல, சுணை சூழ்ந்த ஒரு பொதி. கதிரில் அடுக்கடுக்காக இருக்கும். அதற்குள் மணி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நூறு பொதியை எண்ணி எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். 31 பொதியில்தான் மணி. இன்னொரு நூறை ஈரச் சாக்கில் பரப்பி, மேலே இன்னொரு சாக்கை மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வைத்தேன். ஒன்பது முளைத்தது.

மணி இருந்தும் முளைக்காததற்குக் காரணம் வேறு. புதிதாக உருவிய கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு முதல் எட்டு மாதம் வைத்திருந்து விதைத்தால்தான் முழுசாக முளைக்கும். காட்டின் போக்கை நினைத்துப் பார்த்தால் இது புரியும். மார்கழி, தையில் முற்றி உதிரும் விதை சித்திரையில் ஒரு கோடை மழைக்கு ஏமாந்து முளைத்துவிட்டால், அடுத்து வரும் வெயிலில் கருகிப்போகும். புரட்டாசி வரை உறங்கினால் பிழைக்கும். நான் வாங்கிய விதை எப்போது உருவியது என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. பையில் தேதியும் இல்லை. பொட்டாசியம் நைட்ரேட் ஒரு விழுக்காட்டுக் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைத்து உறக்கத்தைக் கலைப்பது ஒரு வழி. காத்திருப்பது இன்னும் சுலபமான வழி.

ஆழமும் தப்பு. அவ்வளவு சிறிய மணியை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்தால் முளை மேலே வந்து சேராது. இது மேல் மண்ணைக் கீறி, மண்ணோடு ஒட்டினால் போதும் என்கிற விதை.

வேலிக்குள் கிடைத்த புல்

அந்த வருடம் மார்கழியிலும் சட்டம் போட்டு அறுத்தேன். 150 கிராம். மனசு விட்டுப்போய் வேலி ஓரமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். முள்கிளுவைக்கு அடியில், ஆட்டின் வாய் எட்டாத இடத்தில், ஒரு தூர் இடுப்பளவு நின்றது. இலை அகலமாக, நீலம் பூத்த பச்சையாக இருந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளித் திறந்த வெளியில் இருந்த தூர்கள் எல்லாம் குட்டையாக, குச்சி குச்சியாக, இலையைவிடத் தண்டு அதிகமாக இருந்தன. வேலி நெடுக நடந்தேன். முள்ளுக்குள் இருந்ததெல்லாம் நல்ல புல், வெளியே இருந்ததெல்லாம் சவலை.

மாடும் ஆடும் காட்டுக்குள் போனதும் ருசியானதைத்தான் முதலில் கடிக்கும். கடவு வருடம் முழுக்கத் திறந்திருந்தால் அந்த ருசியான தூரே திரும்பத் திரும்பக் கடிபட்டு, விதை பிடிக்காமல், ஒரு நாள் வேரோடு செத்துப்போகும். ருசியில்லாதது பிழைத்து விதை போடும். இருபது வருடமாக நாங்கள் எங்கள் காட்டில் மட்டமான புல்லைத் தேர்ந்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். நல்ல வித்து அழியவில்லை, முள்ளுக்குள் ஒதுங்கியிருந்தது. அதைக் கண்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இந்தப் புல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. கொழுக்கட்டைப் புல்லில் பெரும்பாலானவை ஆண், பெண் அணு கலக்காமலே விதை பிடிப்பவை. விதையில் முளைப்பது தாயின் அச்சு. நெல்லிலோ கம்பிலோ ஒரு ரகத்தை நிலைப்படுத்தப் பல தலைமுறை வேண்டும். இதில் நல்ல தூர் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் விதையை உருவி விதைத்தால் அதே தூர் ஆயிரமாகும். இந்தக் குணமே புல் விஞ்ஞானிகளுக்குப் பெரிய முட்டுக்கட்டையாகவும் இருந்திருக்கிறது. கலக்காத புல்லை எப்படி ஒட்டுச் சேர்ப்பது? கலக்கும் இயல்புள்ள தூர் எங்கேயாவது கிடைத்தால்தான் புது ரகமே உருவாக்க முடியும். எனக்குப் புது ரகம் தேவைப்படவில்லை. எங்கள் வேலிக்குள் இருப்பதைப் பெருக்கினால் போதும்.

கடைவீதியில் சிவப்பு நூல்கண்டு ஒன்று வாங்கி வந்து தூர்களுக்குக் கட்ட ஆரம்பித்தேன். என் வேலியில், பெரியப்பா வேலியில், சாலை ஓரத்தில் என்று 42 தூர். அப்புறம் தையிலும் மாசியிலும் போய்ப் பார்த்துப் பார்த்து நூலை அவிழ்த்தேன். மாசியிலும் அடியில் பச்சை இருக்க வேண்டும். தண்டைவிட இலை அதிகம் வேண்டும். ஒரு பிடி அறுத்துக் கொண்டுவந்து கட்டுத்தரையில் எங்கள் மயிலைப் பசுவின் முன் ஏழெட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டால், அது எதை முதலில் எடுக்கிறது என்றும் பார்த்தேன். இந்தக் கடைசித் தேர்வில் நான் மிக நம்பியிருந்த நெட்டையான தூர் ஒன்று தோற்றது. மயிலை மூன்று நாளும் அதை முகர்ந்துவிட்டு ஒதுக்கியது. இலையின் ஓரம் சொரசொரவென்று இருந்தது காரணமாக இருக்கலாம். கடைசியில் 17 தூர் நின்றது. ஒன்றையே எடுத்துக்கொள்ளாமல் 17 வைத்ததும் காரணத்தோடுதான். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் ஒரு நோய் வந்தால் காடே போய்விடும்.

விதை உருவுவது காலையில் பனி காய்ந்த பிறகு. கதிரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் முற்றிய பொதி கையோடு வரும். இழுத்தும் வராததை விட்டுவிட வேண்டும், அது இன்னும் முற்றவில்லை. மடியில் துணி கட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரியும் இருபது நாள் உருவினோம். நூல் கட்டிய தூர்களில் கால் கிலோ. மற்றபடி வேலி ஓரங்களில் பார்வைக்கு நன்றாக இருந்தவற்றில் ஆறு கிலோ. துணிப்பையில் கட்டி, எலி எட்டாமல் விட்டத்தில் தொங்கவிட்டோம். பையில் உருவிய தேதியை எழுதி வைத்தேன்.

சித்திரையில் ஒரு மழை கிடைத்தது. 17 தாய்த் தூரிலும் ஒரு பக்கம் மட்டும் கடப்பாரையால் பெயர்த்து, வேரோடு பிரித்து, கிணற்றடியில் ஐந்து சென்ட்டில் நாற்றங்கால்போல நட்டேன். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், தூருக்குத் தூர் 30. ஒவ்வொரு தாய்க்கும் தனி வரிசை, தலைமாட்டில் எண் எழுதிய குச்சி. எங்கள் விதைப்பண்ணை அதுதான்.

2021: மழை கொடுத்த வருடம்

ஆறு ஏக்கரையும் ஒன்றரை ஏக்கர் வீதம் நான்கு காடாகப் பிரித்தேன். குறுக்கு வேலிக்குக் கிளுவைப் போத்துதான், இடுப்பளவுக்கு வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றியது. அது வேர்பிடித்து அடர்த்தியாகும் வரை பழைய மீன்வலையைக் கட்டி ஒப்பேற்றினோம்.

முதல் காட்டில் மட்டும் விதைத்தேன். விதை காற்றில் போகாமல் இருக்க ஒரு பங்கு விதை, இரண்டு பங்கு சலித்த செம்மண், அரைப் பங்கு சாணம் சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அன்னக்கூடையில் வைத்து உருட்டினால் கொத்தமல்லி அளவு உருண்டையாக வரும். நிழலில் காயவைத்தோம். உழவு வெறும் கீறல்தான், ஐந்து கொத்துக் கலப்பையில் ஒரே ஓட்டு. தூவிய பிறகு வேலமுள் கிளை ஒன்றை மாட்டுக்குப் பின்னால் கட்டி இழுத்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்றார். முதன்முறையாக என் வேலையில் அவருக்கு ஒரு பிடிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

2021 ஐப்பசி, கார்த்திகை மழையைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்குக் கிடைத்த முளைப்பில் பாதிப் பெருமை அந்த மழைக்கு. எட்டாம் நாள் ஊசி ஊசியாக வந்தது. ஒரு பெருமழை விட்ட நேரம் குடையை எடுத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறும் மூலைக்குப் போனேன். நான்காவது காட்டிலிருந்து, அதாவது எதுவும் செய்யாத மொட்டைக் காட்டிலிருந்து, செந்தண்ணீர் வாய்க்கால் கட்டி ஓடியது. கையில் அள்ளினால் மண் விரலிடுக்கில் நின்றது. முதல் காட்டில் புல் இன்னும் சின்னதுதான். ஆனாலும் அங்கே தண்ணீர் நின்று நின்று, தெளிந்து, மெதுவாக வந்தது.

அந்தக் காட்டில் அந்த வருடம் ஒரு வாய்கூட மேய விடவில்லை. இதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி. பச்சைப் புல் கண்ணெதிரே நிற்க, ஆடு வேலிக்கு வெளியே கத்த, கடவைச் சாத்தி வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். முதல் வருடப் புல் வேர் இறங்கி ஒருமுறை விதை உதிர்த்தால்தான் காடு நிலைக்கும். ஆடு 38 இருந்தால் அது நடக்காது என்று தெரிந்தது. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு எங்கள் வீட்டில் போகாத வருடமே இல்லை. ஆனால் உருப்படியைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அதுவரை வந்ததில்லை.

"ஆட்டை வித்துப்போட்டுப் புல்லைப் பாத்துட்டு உக்காந்துக்கலாமா?" என்றார் அப்பா.

"ஒரே ஒரு வருசம் பாக்கலாங்கப்பா. புல்லு வந்தா திரும்ப வாங்கிக்கலாங்க" என்றேன்.

பதினான்கு ஆட்டை விற்றோம். 24 நின்றது. புல் வந்த பிறகும் திரும்ப வாங்கவில்லை, ஏனென்றால் அந்த 24 ஆடு போட்ட குட்டிகள் முன்பைவிட எடையாக இருந்தன. அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார்.

2022: முயல் மசால்

கிணற்றடிப் பண்ணையில் உருவிய விதையை ஆறப்போட்டு, புரட்டாசியில் இரண்டாவது, மூன்றாவது காட்டுக்கு விதைத்தேன். கூடவே பயறு வகை ஒன்று வேண்டும். புல் மட்டும் இருந்தால் மண்ணில் தழைச்சத்து குறைந்துகொண்டே வரும், புல்லின் புரதமும் இறங்கும். முயல் மசால் வேரில் முடிச்சுக் கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும். அதன் இலையில் புரதம் 15 முதல் 18 விழுக்காடு. மூன்று பங்கு புல், ஒரு பங்கு முயல் மசால் என்று கலந்தேன்.

முயல் மசால் விதைக்குத் தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி, வெப்பமானி 80 டிகிரி காட்டியதும் துணியில் முடிந்த விதையை நான்கு நிமிடம் முக்கி எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு முடிச்சை அடுப்படியில் மறந்து பத்து நிமிடம் விட்டதில் அது வெந்தே போனது.

செம்மண் பகுதியில் முயல் மசால் நன்றாகவே வந்தது. மூன்றாவது காட்டின் மேற்கு மூலையில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) மேலே தெரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே மஞ்சளாக முளைத்து, இரண்டு மாதத்தில் காணாமல் போனது. அடுத்த வருடம் அதே இடத்தில் சங்குப்பூ விதைத்தேன், பிடித்துக்கொண்டது. வேலியில் படர்ந்து நீலமாய்ப் பூத்துக் கிடக்கும் அதை மாடு பூவோடு சேர்த்துத் தின்கிறது.

மேய்ச்சல் முறையும் இந்த வருடம்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தது. புல் முழங்கால் உயரம் வந்து, நூற்றுக்குப் பாதிக் கதிர் தலைகாட்டும்போது மாட்டை விடுவோம். அதற்கு மேல் விட்டால் தண்டு கட்டையாகிவிடும். மாடு நாக்கால் சுற்றி இழுத்துக் கடிப்பதால் அடியில் கொஞ்சம் விட்டுவைக்கும். ஆடு தரையோடு ஒட்டக் கறம்பும். அதனால் மாடு முதலில், ஆடு பின்னால், அதுவும் இரண்டு மூன்று நாள்தான். ஒரு பிடி உயரம் மிச்சம் இருக்கும்போதே கடவைச் சாத்திவிட வேண்டும். அப்புறம் மழைக்காலத்தில் ஆறு வாரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. மார்கழியில் ஒரு காட்டை மட்டும் அறுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போர் போடுகிறோம். பூக்கும் பருவத்தில் அறுத்த உலர்புல் பங்குனியில் பிரித்தாலும் பச்சை வாடை அடிக்கும்.

மேய்ந்த காட்டில் ஒரு வாரம் கழித்து நடந்தால் அங்கங்கே வட்ட வட்டமாகக் கரும்பச்சை தெரியும். மூத்திரம் விழுந்த இடம். மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்து ஒரே இடத்தில் குவிகிறது. மண் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும்போது ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பிவிடும். அது மீத்தேனைவிடப் பல மடங்கு பொல்லாத வாயு. கொலம்பியாவில் காலி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையமும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, 2009இல் பிராக்கியாரியா என்ற ஆப்பிரிக்கப் புல்லின் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். அந்த வேர்க்கசிவு தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுவதை மட்டுப்படுத்துகிறது. 1994இலேயே, தென்னமெரிக்கச் சமவெளிகளில் ஆழ வேரோடும் புற்கள் மண்ணுக்குள் பெரிய அளவில் கரிமத்தைச் சேர்க்கின்றன என்று அந்த மையத்து விஞ்ஞானிகள் எழுதியிருந்தார்கள். பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பங்கு இன்று அந்தப் பிராக்கியாரியாதான்.

இதைப் படித்த நண்பர் ஒருவர், அந்தப் புல்லையே வரவழைத்துப் போடலாமே என்றார். யோசித்தேன், வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நம் கொழுக்கட்டைப் புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சொந்தமான இந்தப் புல்லை மேய்ச்சலுக்கென்று ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே அது பாலைவனத்தில் பரவி, காட்டுத்தீக்கு விறகாகி, ஊர்ச் செடிகளை அழிக்கும் களையாகிவிட்டது. இங்கே வரம், அங்கே சாபம். 600 மில்லிமீட்டர் மழையில் தானே வரும் புல் என் வேலிக்குள் இருக்கும்போது அடுத்த கண்டத்துப் புல்லை நான் ஏன் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும்? கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப்புல்லையும் இதே காரணத்துக்காகத்தான் அளவோடு வைத்திருக்கிறேன். விளைச்சல் அமோகம், ஆனால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து வளர்க்கும் புல்லைச் சூழலுக்கு நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

2023: வேர்

மாசி மாதம் முதல் காட்டில் ஒரு தூருக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். மேல் மண் ஒரு சாண், அதற்குக் கீழே சரளை. தூரின் ஒரு பக்கத்தை மட்டும் வெளிப்படுத்திக்கொண்டே, நீர் ஊற்றி மண்ணைக் கரைத்துக்கொண்டே இறங்கினேன். வேர் நூல் நூலாகச் சரளைக்கு நடுவில் வளைந்து வளைந்து போனது. நான்கடியில் பாறை தட்டியது. வேர் அங்கேயும் நிற்கவில்லை, பாறை வெடிப்பில் பக்கவாட்டில் ஓடியது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உடைத்தேன். உள்ளே செத்த பழைய வேர்களின் கறுப்புக் கோடுகள். இந்தக் கோடுகள்தான் காற்றிலிருந்து மண்ணுக்கு வந்த கரிமம். நான்காவது காட்டில் அதே அளவு குழியில் ஒரு அடிக்குக் கீழே வேரே இல்லை, மண் ஓடுபோல இறுகியிருந்தது. அந்த வருடம் புரட்டாசியில் அதற்கும் விதைத்தேன்.

மார்கழியில் சட்டம் போட்டது இப்படி: 2021இல் முதல் காட்டில் மட்டும் 470 கிராம். 2022இல், அதுவரை விதைத்திருந்த மூன்று காட்டின் சராசரி 510. 2023இல் நான்காவதையும் சேர்த்து 560. மீத்தேனை நான் அளக்கவில்லை. அளந்தது புல்லை, பாலை, வாங்கிய மூட்டையை. இரண்டு கலப்பினப் பசுவுக்கும் நாளுக்கு நான்கு கிலோ வீதம் வைத்த கலப்புத் தீவனம் ஐப்பசியிலிருந்து மாசி வரை மூன்று கிலோவாகக் குறைந்தது, சொசைட்டியில் ஊற்றும் பால் குறையவில்லை. காங்கேயம் பசுக்களுக்கு அந்த ஐந்து மாதமும் மூட்டைத் தீவனமே கிடையாது. சாணி வண்டு திரும்பி வந்திருக்கிறது. காலையில் போட்ட சாணி சாயங்காலம் பொலபொலவென்று கிடக்கிறது.

பலிக்காததையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் இன்னும் தீனி பற்றவில்லை, சோளத்தட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டாவது காட்டின் நடுவில் பார்த்தீனியம் அடங்கவில்லை. பூக்கும் முன்னால் கையால் பிடுங்குவதைத் தவிர எனக்கு வழி அகப்படவில்லை. குறுக்கு வேலிக் கிளுவையில் மூன்றில் ஒரு பங்கு பட்டுப்போனது. 17 தாயில் 6ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் காட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் காட்டிய குணத்தைக் காட்டவில்லை. தண்ணீர் கிடைத்த இடத்தில் அழகாக நின்றவை அவை. இப்போது விதை எடுப்பது மற்ற 15 வரிசையில் மட்டும்தான்.

விட்டத்தில் இப்போது பதினான்கு கிலோ தொங்குகிறது, போன தையில் உருவியது. மூலனூரிலிருந்து என் மச்சான் ஒருத்தர் வந்து நான்கு கிலோ கேட்டிருக்கிறார். கொடுப்பதற்கு முன் அவர் காட்டு வேலியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நூல்கண்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். நேற்று போன் செய்தார். தென்கிழக்கு மூலையில், கிளுவைக்குள், ஆனி வெயிலிலும் அடியில் பச்சை விடாத மூன்று தூர் இருக்கிறதாம்.